பட்டுச்சேலை முந்தானைக்குக் குச்சு கட்டும் முறை

குச்சை அழகுக்காகக் கட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை பூட்டு. தறியில் நீளவாக்கில் பாவிக் கிடப்பது பாவு, அதன் ஊடே குறுக்கே ஓடுவது ஊடை. சேலையை அறுத்து இறக்கியதும் முந்தானை ஓரத்தில் பாவு நூல் மட்டும் தொங்கும். அதை முடிச்சிடாமல் விட்டால், கடைசி ஊடை இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். முந்தானை என்பதே முன் + தானை. தானை என்றால் பழந்தமிழில் ஆடை.

தொங்கும் நூல் 4 அங்குலமாவது இருக்க வேண்டும். ஒரு முடிச்சுக்கே ஏறக்குறைய 1 அங்குலம் போய்விடும். அகலமான பல் உள்ள சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். மேலிருந்து இழுத்தால் ஊடையும் சேர்ந்து நகரும். ஓரத்தில் ஏற்கெனவே தளர்ந்த ஊடை இழைகள் இரண்டு மூன்று இருந்தால் உருவி எறிந்துவிடுங்கள்; கோடு நேராகும். நூலை இப்போதே சமமாக வெட்டிவிடாதீர்கள். அது கடைசி வேலை.

சேலையை மேசையில் விரித்து, குழவிக்கல்லைத் துண்டில் சுற்றி அதன்மேல் வையுங்கள். அரை அங்குல அகலத்துக்கு ஒரு கொத்து எடுத்தால், 48 அங்குல முந்தானைக்கு 96 கொத்து வரும். கொத்தை ஒரு வளையமாக்கி நுனியை உள்ளே விடுங்கள். இறுக்குவதற்கு முன், வளையத்துக்குள் ஒரு தடித்த ஊசியைச் செருகி முடிச்சைத் துணியின் ஓரம் வரை தள்ளுங்கள். ஓரத்தைத் தொட்ட பிறகு ஊசியை உருவி இறுக்குங்கள். இடைவெளி விட்டால் அந்த இடத்தில் ஊடை இறங்கும். அளவுக்கு மீறி இழுத்தால் ஓரம் சுருங்கி விசிறிபோல் மடியும்.

வலைபோல் வேண்டுமென்றால் நூல் 6 அங்குலம் தேவை. முதல் வரிசை முடிந்ததும், ஒரு கொத்தின் பாதியையும் அடுத்ததின் பாதியையும் சேர்த்து முக்கால் அங்குலம் கீழே முடியுங்கள். இரண்டு வரிசை போதும். மூன்றாவது கழுத்துச் சங்கிலியில் மாட்டும்.

இரு கரைப் பக்கமும்தான் தொல்லை. அங்கே பாவிலேயே சரிகை ஓடும். பாரசீக மொழியில் 'சர்' என்றால் தங்கம்; அதிலிருந்து வந்தது இந்தப் பெயர். அசல் சரிகை என்பது பட்டு இழைமேல் சுற்றிய, தங்க முலாம் பூசிய தட்டை வெள்ளிக் கம்பி. வெறும் சரிகையை முடிச்சிட்டு இழுத்தால் கம்பி உரிந்து உள்ளிழை வெளியே தெரியும். பக்கத்துப் பட்டு நூலில் கொஞ்சம் சேர்த்து, பட்டு வெளியே வரும்படி முடியுங்கள்.

வெட்டி விழும் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சரிகைத் துண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். காஞ்சிபுரத்து அசல் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். பாவு நூலைக் கொளுத்தினால், பட்டாக இருந்தால் முடி கருகிய வாடையோடு எரிந்து பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கடைக்காரரிடம் கேட்பதைவிட இது நம்பகமானது.

கடையிலேயே நூலை ஒட்ட நறுக்கியிருந்தால், ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து ஹெம்மிங் செய்து, தனி நூலில் குச்சு கோக்க வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் 'சில்க் த்ரெட்' என்று கிடைப்பது பெரும்பாலும் ரேயான். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே சேலையில் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஓர் அட்டையை நுனியில் வைத்துப் பிடித்து, கூரான கத்தரியால் பத்துப் பத்துக் கொத்தாக வெட்டுங்கள்.