-2147483648-ஐ ஏற்க மறுக்கும் லைப்ரரி: திருத்துவது எப்படி?

சரத்தை (எழுத்து வரிசையை) எண்ணாக மாற்றும் ஃபங்ஷனுக்கு -2147483648-ஐக் கொடுத்தால் "வரம்பு மீறியது" என்று எரர் வருகிறதா? குறியுள்ள 32 பிட் எண்ணில் அடங்கும் எண் அது. நான் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரலாக்க மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இதைச் சரிசெய்த வழியைச் சொல்கிறேன். சோர்ஸை இறக்கி பில்ட் செய்வது உங்களுக்கே தெரியும்.

படி 1: கோடில் கை வைக்கும் முன் டெஸ்ட் எழுதுங்கள். 2147483647, 2147483648, -2147483648, -2147483649, 4294967297, 10000000000, காலிச் சரம், வெறும் மைனஸ் குறி. டீபக்கரில் வரி வரியாக நகர்வதைவிட இந்தப் பட்டியலே எனக்குப் பிடிக்கும்.

படி 2: பழைய கோடு மைனஸை ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தை நேர்ம எண்ணாகச் சேர்க்கிறது. நேர்மப் பக்கம் 2147483647-உடன் முடிகிறது. எதிர்மப் பக்கத்தில் ஒன்று கூடுதல். மாட்டுவது அந்த ஒன்றுதான். எனவே எதிர்மமாகவே சேருங்கள்: 10ஆல் பெருக்கி, இலக்கத்தைக் கழியுங்கள். மைனஸ் இல்லாவிட்டால் கடைசியில் குறியை மாற்றிக்கொள்ளலாம். சரத்தை எண்ணாக்கும் ஜாவாவின் பார்ஸ்இன்ட் ஃபங்ஷன் செய்வதும் இதைத்தான்.

படி 3: வரம்புச் சோதனை. இங்கே அவசரப்படாதீர்கள். "நேர்ம எண்தானே, பெருக்கிய பிறகு மதிப்பு குறைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ (வரம்பு மீறல்)" என்று பலரும் எழுதுவார்கள். 1000000000-ஐ 10ஆல் பெருக்கினால் 32 பிட்டில் சுற்றிவந்து 1410065408 ஆகும். குறையவே இல்லையே! கடைசி மதிப்பை மட்டும் பார்த்தாலும் போதாது: 4294967297 கடைசியில் சமர்த்தாக 1 என்று வந்து நிற்கும். போதாததற்கு, சி மொழியில் குறியுள்ள எண் ஓவர்ஃப்ளோ ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே இல்லை. கம்பைலர் உங்கள் சோதனையையே தூக்கிவிடலாம்.

ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். மைனஸ் இருந்தால் வரம்பு -2147483648, இல்லாவிட்டால் -2147483647. பெருக்கும் முன்: மதிப்பு -214748364-ஐவிடக் குறைவா? எரர். கழிக்கும் முன்: மதிப்பு, வரம்பு + இலக்கத்தைவிடக் குறைவா? எரர். கடைசி இலக்கம் 8 வரும்போது கையில் -2147483640. வரம்பு + 8-ம் அதேதான், தேறிவிடும். 9 வந்தால் தேறாது.

படி 4: டெஸ்ட்களை யுபிசான் (வரையறையில்லாத செயல்களை ஓடும்போதே பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு ஓட்டுங்கள். சி கோடுக்கு இது இல்லாமல் நான் பேட்ச் அனுப்புவதில்லை.

பின்சேர்க்கை: வரம்பை 10ஆல் வகுத்து -214748364-ஐப் பெற முயன்ற சிலருக்கு -214748365 வந்திருக்கிறது. அவர்கள் மொழியில் வகுத்தல் கீழ்நோக்கி முழுமையாக்கும். சி99 (சி மொழியின் 1999 தரநிலை) பூஜ்யத்தை நோக்கி வெட்டும். கீழ்நோக்கிப் போகும் மொழி என்றால் அந்த எண்ணைக் கையாலேயே எழுதிவிடுங்கள்.