விருந்தாளிகள் வரும் வாரம்: குளியலறையில் எதை முதலில் பார்ப்பது?

கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஆறு பேர் வந்து தங்கப்போகிறார்கள் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பெயின்ட் அடிப்பது. கடைசி வாரத்தில் அதைத் தொடாமல் இருப்பதே மேல். ஓதம் ஏறிய சுவரில் மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் சில வாரங்களில் அதை உரித்துத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, பெயின்ட் நெடி அடங்காத அறையில்தான் விருந்தாளிகளைப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அந்தக் காசும் ஆளும் குளியலறைக்குப் போகட்டும். நான்கு பேர் புழங்கும்போது தெரியாத சின்னக் கோளாறெல்லாம் பத்துப் பேர் புழங்கினால் முதல் நாள் காலையிலேயே வெளியே வந்துவிடும்.

வேலைகளை வரிசைப்படுத்த ஒரே ஒரு கேள்வி போதும்: எது காய வேண்டும்? டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் கிரவுட் பூசினால் குறைந்தது ஒரு நாள் நனையக்கூடாது. எபாக்ஸி கிரவுட் என்றால் மறுநாள் மேலே நடக்கலாம், ஆனால் தண்ணீர் நின்று ஓடும் இடத்தில் மூன்று நாளாவது விட வேண்டும். வாஷ்பேசின் ஓரத்தில் வைக்கும் சிலிக்கான் சீலன்ட்டுக்கு 24 மணி நேரம். பைப் மாற்றினால் பசை இறுக ஒரு ராத்திரி விட்டுத் தண்ணீரைத் திறப்பது நல்லது. வெந்நீர் ஓடும் சிபிவிசி பைப்புக்கு அதற்கென்றே உள்ள பசையை வாங்குங்கள். சாதாரண பிவிசி பசை சூட்டில் விட்டுவிடும். இந்த வேலைகளையெல்லாம் வாரத்தின் முதல் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். இடுக்கில் வெள்ளை சிமென்ட்டை அப்பிவிட்டுப் போகும் வழக்கம் ஒன்று உண்டு. பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே அப்பியது ஒட்டாது, மாப் போடும்போதே பெயர்ந்து வரும்.

தண்ணீர்க் கணக்கு

நகர வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர், பத்துப் பேருக்கு 1350. மொட்டை மாடியில் இருப்பது 1000 லிட்டர் டேங்க் என்றால் ஒருமுறை நிரப்பியது ஒரு நாளைக்குக் காணாது. விடியற்காலை முகூர்த்தம் என்றால், அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். ராத்திரி படுக்கப்போகுமுன் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். மோட்டார் போடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். "நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்று இருவர் சொல்லும் வீட்டில்தான் சோப்பு போட்டவர் நடுவில் நிற்பார்.

டேங்க் காலியாக விட்டால் தண்ணீர் தீர்வதோடு போகாது. அடியில் தங்கியிருக்கும் சேறு பைப்பில் இறங்கிக் குழாய் வாயிலுள்ள சல்லடையையும் ஃபிளஷ் டேங்கின் மிதவை வால்வையும் அடைக்கும். பைப்பில் காற்றும் ஏறிக்கொள்ளும். டேங்க் நிரம்பிய பிறகும் தண்ணீர் துப்பித் துப்பி வந்தால் அந்த லைனிலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து, சீராக ஓடும்வரை விடுங்கள். டேங்கைக் கழுவுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே கழுவுங்கள், முதல் நாள் வேண்டாம். கழுவி நிரப்பியதும் சல்லடை இல்லாத ஏதாவது ஒரு கீழ்க்குழாயை முதலில் திறந்துவிட்டால் கலங்கல் அதன் வழியே போய்விடும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் சன்னமாக ஓடுவதற்குப் பெரும்பாலும் அந்தச் சல்லடையில் படிந்த உப்புதான் காரணம். கையால் திருகிக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். இதற்காகப் புதுக் குழாய் வாங்கத் தேவையில்லை.

ஃபிளஷ் டேங்க்

சத்தமில்லாமல் கசிவது இதுதான். மேல் மூடியைத் திறந்து தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் யாரையும் ஃபிளஷ் செய்ய விடாதீர்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் பிடிக்கவில்லை என்று பொருள். பக்கவாட்டில், டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் என்ற குழாயை மூடி, டேங்கைக் காலி செய்து, நடுவிலுள்ள வால்வைத் திருகித் தூக்கினால் அடியில் ரப்பர் வளையம் இருக்கும். உப்பு படிந்திருந்தால் கழுவி மாட்டலாம். விறைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு வேறு. டேங்கில் தண்ணீர் நடுக்குழாயின் வாய்வரை ஏறி ஓடிக்கொண்டே இருந்தால், கோளாறு வாஷரில் இல்லை; மிதவை அதிகம் ஏற்றுகிறது, மிகுதி நடுக்குழாய் வழியே வழிகிறது. நடுக்குழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கும்படி மிதவையின் திருகை இறக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் தொடாத ஆங்கிள் காக்கைத் திருகினால் அதன் கழுத்திலேயே ஒழுக ஆரம்பிக்கும், சில சமயம் மூடவே மூடாது. ஆகவே மாடியில் அந்த லைனை அடைக்கும் வால்வு எது என்று தெரிந்துகொண்டு, கடை திறந்திருக்கும் வேளையில் கை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைத் தொடவே வேண்டாம்.

சொட்டும் குழாயில் இரண்டு வகை. பல சுற்று திருகி மூடுவது என்றால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றலாம். கால் சுற்றில் மூடுவது என்றால் உள்ளேயிருக்கும் ஸ்பிண்டிலை முழுதாக மாற்ற வேண்டும். முழுக் குழாயையும் கழற்றி மாட்டும்போது டெஃப்லான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க வலச்சுற்றாக எட்டு, பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது டேப் அவிழ்ந்து வந்துவிடும்.

வடிகாலும் நாற்றமும்

ஆள் புழங்காத குளியலறையை விருந்தாளிக்கென்று திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தால் பினாயிலை ஊற்றாதீர்கள். தரை வடிகாலுக்கு அடியில், பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் கிண்ணத்தில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும். மேலே நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் மறுபடி வற்ற நாளாகும். தண்ணீர் இருந்தும் நாற்றம் போகவில்லை என்றால் வாஷ்பேசின் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடைவெளி திறந்து கிடக்கும்.

வடிகிறதா என்று பார்க்க ஒரு மக் தண்ணீர் காணாது. இரண்டு பக்கெட்டை ஒன்றாகத் தரையில் கொட்டிப் பாருங்கள். கணுக்காலுக்குத் தேங்கினால் வடிகாலின் மேலுள்ள ஜாலி மூடியைத் தூக்கி, உள்ளே சுருண்டிருக்கும் முடியைக் கம்பிக் கொக்கியால் இழுத்து எடுங்கள். ஆசிட் வேண்டாம்: முடியை அது அவ்வளவாகக் கரைப்பதில்லை, கிரவுட்டை நன்றாகத் தின்னும். ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றினால் எழும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

பாதாள சாக்கடை இல்லாத பகுதியில் செப்டிக் டேங்க்கை மறந்துவிடாதீர்கள். ஃபிளஷ் செய்ததும் கோப்பையில் தண்ணீர் ஏறி மெல்ல இறங்குகிறது, குமிழி விடுகிறது என்றால் லாரிக்காரரை விருந்தாளிகள் வருமுன் கூப்பிடுங்கள். குளியலறைக்குள் மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாத வீட்டில் நாப்கினும் ஈரத்துணிபோன்ற வைப்ஸும் கோப்பைக்குள்தான் போகும். எங்கே போடுவது என்று கேட்க வந்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

கீசரும் விடியற்காலை வரிசையும்

15 லிட்டர், 2000 வாட் கீசர், சமவெளி ஊர்களில் 28 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடம் எடுக்கும். பச்சைத்தண்ணீர் கலந்தால் குளிக்கும் சூட்டில் சுமார் 40 லிட்டர் கிடைக்கவேண்டும். எடுக்க எடுக்க உள்ளே பச்சைத்தண்ணீர் புகுவதால் நடைமுறையில் 30, 35தான். ஆளுக்கு ஒன்றரை பக்கெட் என்றால், ஒருவருக்கு இருபது நிமிடம், பத்துப் பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஐந்து மணிக்கு மண்டபத்துக்குக் கிளம்ப இரண்டு மணிக்கு எழுப்பவா முடியும்? பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கீசர், மற்றவர்களுக்கு அடுப்பு. ஒரு அண்டாவில் 10 லிட்டர் கொதிக்கவைத்தால் கலந்து 50 லிட்டருக்கு மேல் வரும்; கீசரை விட இது அதிகம். ஆனால் கொதிநீரை அண்டாவோடு ஹாலைத் தாண்டித் தூக்கிப்போகக் கூடாது. மூடியுள்ள தூக்கில் பாதிப் பாதியாகக் கொண்டுபோய், பக்கெட்டில் பச்சைத்தண்ணீரை முதலில் விட்டு, அதன்மேல் ஊற்றுங்கள்.

பரணிலிருந்து பழைய ஹீட்டர் ராடை மட்டும் இறக்க வேண்டாம். ஸ்டீல் பக்கெட், ஈரத்தரை, பழக்கமில்லாத ஆள் மூன்றும் சேரும் நேரம் அது. கீசர் பிளக் 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் இருக்கவேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. பிளக்கின் கால்கள் பழுப்பேறியிருந்தால் சாக்கெட் தளர்ந்துவிட்டது, இரண்டையும் மாற்றுங்கள். மீட்டர் பெட்டியில், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, அது விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீசர் போட்டதும் அது விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டிங் காயில் ஓட்டையாகியிருக்கும். காயிலை மாற்றும்வரை கீசருக்கு ஓய்வுதான். ஆர்சிசிபியைத் தாண்டி நேரே ஒயர் கொடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது தர்மசங்கடம். ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போகும். அரைமணி நேரம் ஷவரில் நிற்கும் மாமாவிடம் அளவாகக் குளியுங்கள் என்று சொல்ல முடியாது. அவர் எழுந்ததும் இரண்டு பக்கெட்டை நிரப்பி, "வெந்நீர் வெளாவி வச்சிருக்கேன் மாமா, ஆறறதுக்குள்ள குளிச்சிடுங்க" என்றால் போதும். உபசாரமும் ஆயிற்று, தண்ணீர் அளவும் நம் கையில். சுவிட்ச் போர்டில் ஒரே மாதிரி நான்கு சுவிட்ச் இருந்தால் கீசர், லைட், ஃபேன் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜ் சுவிட்ச் அருகில் இருந்தால் அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். லைட் என்று நினைத்து அணைத்துவிட்டுப் போவது சகஜம்.

வயதானவர் வருகிறார் என்றால் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வேண்டும். உறிஞ்சி ஒட்டும் ரகத்தை நம்பாதீர்கள், பாரம் விழும்போதுதான் அது கழன்று வரும். எஃகுக் கைப்பிடியைச் சுவரில் திருகுங்கள். டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லில் ஹாமரைப் போடாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும். துளைக்கும் இடத்தில் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. தட்டினால் கொட கொடவென்று ஒலிக்கும் டைல்ஸ் என்றால் வேறு இடம் பாருங்கள். கால்மிதி அடியில் ரப்பர் உள்ளதாக இருக்கட்டும், பழைய துண்டு வழுக்கும். மழையில் உப்பிய மரக்கதவு மூடாவிட்டால் உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். தாழ்ப்பாள் உள்ளே போகவில்லை என்றால் துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினாலே சரியாகும்.

முகூர்த்த நாளில் கூப்பிட்டால் பிளம்பர் வருவது கஷ்டம், அவருக்கும் நாலு கல்யாணம் இருக்கும். அரை அங்குலக் குழாய் ஒன்று, வாஷர் நாலைந்து, ஃபிளஷ் டேங்க்குக்கு வரும் கனெக்ஷன் பைப் ஒன்று, ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் ஒன்று, டெஃப்லான் டேப், கைக்கு அடக்கமான ஸ்பேனர் இவற்றை ஒரு பையில் போட்டு ஃபிளஷ் டேங்க் மேலேயே வைத்துவிடுங்கள். கூடவே மாடி வால்வுகளில் எது எந்த லைன் என்று மார்க்கரில் எழுதிவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் பிய்ந்தாலும் முழு டேங்க்கையும் மூடாமல் ஒரு குளியலறையை மட்டும் அடைக்கலாம்.