ஸ்பீக்கர் விவரக்குறிப்பைப் படிப்பது எப்படி?

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கின் மேல்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் உள்ளே இல்லாத சாதாரண ஸ்பீக்கரில் அந்த எண் சொல்வது, அது எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதை மட்டுமே. எவ்வளவு சத்தம் தரும் என்பதை அன்று. அதிலும் ஆர்எம்எஸ் என்று குறித்திருப்பதையே நம்ப வேண்டும், ஏனெனில் தொடர்ந்து தாங்கும் அளவு அதுதான். பீக் என்பது கணநேர உச்சம். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போடும் எண்ணுக்குப் பொதுவான வரையறையே கிடையாது என்பதால், அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

சத்தத்தைக் கணிக்க உதவுவது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே இது. இங்கே ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: மின்திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், நம் காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்றவோ சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆகவே 84 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட் வாங்கிக்கொண்டு தரும் சத்தத்தை, 90 டெசிபெல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். பெரிய ஆம்ப்ளிஃபயருக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. பல நிறுவனங்கள் ஒரு வாட் என்று எழுதாமல் 2.83 வோல்ட் என்று எழுதுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கரிலோ அதே வோல்ட் இரண்டு வாட்டாகிவிடுவதால், எண் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது அதைக் கழித்துப் பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

ஓம் என்ற அலகில் தரப்படும் இம்பீடன்ஸ், ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை. அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அச்சிட்டிருப்பது பெயரளவு மதிப்பே. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும் என்பதால், பின்பக்கத்தில் ‘8 ஓம்’ என்று மட்டும் குறித்துள்ள ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி உரக்க வைத்தால் அது சூடேறி அணைந்துபோகலாம், பழுதாகவும் கூடும்.

எவ்வளவு தாழ்ந்த ஒலி முதல் எவ்வளவு கூர்மையான ஒலி வரை ஸ்பீக்கர் எழுப்பும் என்பதைச் சொல்லும் ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் என்ற வரியில் 40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டால், அதனால் பயனில்லை. பக்கத்தில் ±3 டெசிபெல் என்று இருந்தால்தான், அந்த எல்லைக்குள் ஒலி எந்த இடத்திலும் அதற்கு மேல் ஏறவோ தாழவோ இல்லை என்று பொருள். மைனஸ் 10 டெசிபெல் வரை கணக்கிட்டால் அதே ஸ்பீக்கரை இன்னும் தாழ்ந்த அதிர்வெண் வரை இறங்குவதாகக் காட்டிவிடலாம்.

வூஃபர் தாழ்ந்த ஒலிகளையும், ட்வீட்டர் கூர்மையான ஒலிகளையும் எழுப்புகின்றன. எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது கிராஸ்ஓவர். டூ-வே என்றால் இரண்டாகவும், த்ரீ-வே என்றால் மூன்றாகவும் பிரிக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று எண்ண வேண்டியதில்லை. நன்றாக வடிவமைத்த டூ-வே, ஏனோதானோவென்று செய்த த்ரீ-வேயை எளிதில் விஞ்சும்.

ஹோம் தியேட்டர் பெட்டிகளில் காணும் 5.1 என்பதில் ஐந்து என்பது ஸ்பீக்கர்கள், புள்ளி ஒன்று என்பது மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் அதன் கிராஸ்ஓவரை முதலில் 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பழக்கமான பாட்டொன்றைக் கேளுங்கள். பேஸ் ஒலி அறையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் வருவதாகத் தெரிந்தால் சற்றுக் குறையுங்கள்; ஆண் குரல் மெலிந்து கேட்டால் சற்று உயர்த்துங்கள்.