பழைய ஆர்கேட் பெட்டியின் மேல்பூச்சை நீக்கி மூல ஓவியத்தை மீட்பது எப்படி?

காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியில் வருமானம் குறைந்ததும், உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டை மட்டும் மாற்றிவிட்டு, பக்கவாட்டில் இருந்த ஓவியத்தின் மேல் ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுவது உரிமையாளர்கள் பலரின் வழக்கமாக இருந்தது. 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன் ஆகியவற்றின் காலத்துப் பெட்டிகள் பலவும் இதற்குத் தப்பவில்லை. செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துப் பழைய பொருள் கடைகளிலோ, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலோ அத்தகைய பெட்டி கிடைத்தால், கையில் தின்னர் பாட்டிலை எடுப்பதற்கு முன் மேலே பூசியிருப்பது என்ன, கீழே இருப்பது என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பருவமும் இடமும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இப்பெட்டிகளில் பல மரத்துணுக்குகளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. அதன் வெட்டு விளிம்பில் ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. ஈரக்காற்றில் ஆல்கஹால் ஆவியாகும்போது குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, லேக்கர் எனப்படும் பழைய பளபளப்புப் பூச்சு வெளுத்துப்போவதும் உண்டு. மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. காற்றோட்டமான தாழ்வாரத்தில், அடுப்பும் தீப்பொறியும் அருகில் இல்லாத இடத்தில், நைட்ரைல் கையுறை அணிந்து வேலை செய்யுங்கள்.

மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் பிக்சர் டியூபில் உயர்மின்னழுத்தம் தேங்கியிருக்கும். ஆகவே அதைக் கழற்றும் பொறுப்பைப் பழைய டிவி பழுது பார்த்துப் பழகியவரிடம் ஒப்படைப்பதே நல்லது. உள்பாகங்கள் வெளியேறியபின் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், பெயிண்டை இளக்க ஊற்றும் கரைப்பான் வழிந்து ஓடாமல் ஊற்றிய இடத்திலேயே நிற்கும். வெட்டு விளிம்புகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

ஓவியத்தின் வகையை அறிதல்

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். வடிவம் வெட்டிய அச்சுத்தாள் (ஸ்டென்சில்) வைத்து ஒவ்வொரு நிறமாகப் பீய்ச்சிய ஓவியமாக இருந்தால், நிறங்கள் முடியும் இடங்களில் மெல்லிய மேடுகள் மேல்பூச்சையும் மீறித் தெரியும். முழு ஓவியத்தைச் சுற்றி ஒரே நேரான விளிம்பு மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் வினைல் ஸ்டிக்கர். அதற்குச் சூடு ஆகவே ஆகாது, ஹீட் கன் பட்டால் சுருங்கிவிடும். தெரிந்த கோடுகளை டிரேசிங் தாளில் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் எந்த இடத்தில் எந்த நிறம் வரும் என்பதை ஊகிக்க முடியும்.

சோதனை

இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்களே ஓவியத்தை இழக்கிறார்கள். பின்பக்கக் கீழ் மூலையில், விரல் நுனி அளவு இடத்தில், வலிமை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் மேல்பூச்சு மாவாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது டிஸ்டெம்பர் எனும் மலிவான சுவர்ப்பூச்சு. வேறு எதுவும் தேவையில்லை. வரவில்லையென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சார்ந்த எமல்ஷன் பெயிண்ட் அதில் இளகி, ரப்பர்போல் சுருண்டு வரும். காய்ந்து இறுகிய, எண்ணெய் சார்ந்த எனாமல் எளிதில் அசையாது. மூல ஓவியம் எனாமல், மேல்பூச்சு எமல்ஷன் என்று அமைந்தால் உங்களுக்கு நல்ல யோகம். இரண்டுமே எனாமலாக இருந்தால், அனுபவம் இல்லாதவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

மூலையில் வெற்றி பெற்றால் போதாது. ஓவியத்தின் நிறங்கள் ஒவ்வொன்றும் வேறு மையாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணியையே பயன்படுத்துங்கள். அதில் ஓவியத்தின் நிறம் சிறிதளவு ஏறினாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் மேல்பூச்சு, அடிப்பூச்சு என்று பார்க்காமல் இரண்டையும் இளக்கக்கூடியது. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்கள் எண்ணெய் சார்ந்த எனாமலைச் சோப்பாக மாற்றிவிடும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர் ஓவியத்துக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் ஆபத்தானது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதை விற்பதையே 2019இல் தடைசெய்தார்கள்.

நீக்குதல்

உள்ளங்கை அளவுள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியை விரித்து, ஆவியாகாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பூச்சு இளகியதும், காலாவதியான ஏடிஎம் அட்டையைப் படுக்கையாகப் பிடித்து, அழுத்தாமல் தள்ளினால் போதும். உலோகத் தகடோ பிளேடோ வேண்டாம். இளகாத இடத்தைச் சுரண்டாமல், உலரவிட்டு மறுபடி துணியைப் போடுங்கள். நிறங்கள் முடியும் மேடுகளின் ஓரத்தில் தங்கிவிடும் துணுக்குகளுக்கு, நுனியைச் சற்று நைத்த ஈர்க்குச்சியைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை.

உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் கலந்திருக்கலாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுரண்டி எடுத்ததை ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டுங்கள். நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

முடித்த பகுதியை ஈரத்துணியால் ஒற்றி, ஒருநாள் உலரவிட்டபின் அடுத்ததற்குப் போகலாம். பலகையோடு சேர்ந்து ஓவியம் பெயர்ந்துபோன இடங்களில் நேரடியாக நிறம் தீட்டாமல், சோதித்துப் பார்த்த தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, அது காய்ந்தபின் அக்ரிலிக் நிறத்தால் அந்த இடத்தை மட்டும் நிரப்புங்கள். நிறம் பொருந்தாவிட்டால் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி கலக்கலாம்.