பிலடெல்பியா கத்தோலிக்க லீக்: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவரும் நண்பர்கள் கூடைப்பந்து என்றதும் என்னிடம் கேட்பது, பலெஸ்ட்ரா அரங்கில் நடக்கும் கத்தோலிக்க லீக் (கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளின் போட்டி) இறுதியாட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும். ஆனால் பிப்ரவரிக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். ஜனவரியிலேயே ஏதாவது ஒரு பள்ளியின் உள்ளரங்குக்குப் போய்விடுங்கள். யார் எப்படி ஆடுவார்கள், யாருக்கு யார் மேல் பழைய கணக்கு இருக்கிறது என்பது தெரியாமல் இறுதியாட்டத்தைப் பார்ப்பவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

1920இல் தொடங்கிய லீக் இது. நகரத்துப் பள்ளிகளும் சுற்றுப்புற மாவட்டங்களின் பள்ளிகளும் சேர்ந்து ஆடுகின்றன. ஆண்கள் பிரிவில் லீக் சுற்றின்போது ஒவ்வொரு அணியும் மற்ற அணியை ஒரே ஒரு முறைதான் சந்திக்கிறது. ஆகவே அந்த ஓர் ஆட்டம் யாருடைய அரங்கில் நடக்கிறது என்பது பெரிய விஷயம். அட்டவணை வந்ததும் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

முதல் ஆட்டத்துக்கு என் பரிந்துரை, தெற்கு பிலடெல்பியாவில் உள்ள நியூமன்-கொரெட்டி. காரில் போகாதீர்கள், அந்தக் குறுகிய தெருக்களில் நிறுத்த இடம் தேடியே முதல் கால்பகுதி போய்விடும். பிராட் தெரு சுரங்க ரயிலில் டாஸ்கர்-மோரிஸ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால், பத்தாவது தெருவும் மூர் தெருவும் சந்திக்கும் இடத்தில் பள்ளி. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். வாசலில் பணம் வாங்குவார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் பெரும்பாலும் இளையோர் அணியின் ஆட்டத்தையும் பார்க்கலாம். அடுத்த ஆண்டு யார் வருகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நடுக்கோட்டுக்கு நேரே உட்கார எல்லோரும் முண்டியடிப்பார்கள். நீங்கள் ஒரு மூலைக்குப் போங்கள், கூடைக்குச் சற்றுப் பக்கவாட்டில். தடுப்பவனின் கால்கள் எப்படி நகர்கின்றன, பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்குள் யார் எதிராளியை முதுகால் அடைத்து நிற்கிறான் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். இந்த லீக்கின் பெருமையே அதில்தான் இருக்கிறது. மூன்று புள்ளி எறிதலைத் தொலைக்காட்சியிலும் பார்க்கலாம். ரீபவுண்டுக்கு முன், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு முன் நடக்கும் அந்த முட்டி மோதலைப் பக்கத்தில் இருந்துதான் பார்க்க வேண்டும். மாணவர்கள் கூடியிருக்கும் பகுதிக்குப் பின்னால் மட்டும் உட்காராதீர்கள். கடைசி வரை நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.

என்பிஏ என்ற தொழில்முறை லீக்கைப் பார்த்துப் பழகியவர்கள் சில விதிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஐந்து ஃபவுல் செய்தவன் வெளியேற வேண்டும். அணியின் ஃபவுல் கணக்கு 2023-24 பருவத்திலிருந்து ஒவ்வொரு கால்பகுதிக்கும் புதிதாகத் தொடங்குகிறது. ஒரு கால்பகுதியில் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பவர் இல்லாமல் எறியும் வாய்ப்பு. எனவே ஸ்கோர் பலகையில் புள்ளிகளோடு ஃபவுல் எண்ணிக்கையையும் பாருங்கள். நான்கு ஃபவுல் ஆனதும் நல்ல பயிற்சியாளர் தடுப்பாட்டத்தின் நெருக்கத்தைத் தளர்த்துவார். எதிரணிப் பயிற்சியாளர் அதற்காகவே காத்திருந்து, பந்தைக் கூடையை நோக்கி நேராகக் கொண்டுபோகச் சொல்வார். இந்த இழுபறியைக் கவனிக்கப் பழகிவிட்டால் குறைந்த புள்ளி ஆட்டம் ஒருபோதும் சலிக்காது.

கத்தலாம், கைதட்டலாம். ஆனால் எதிரணிப் பையனின் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அம்மா அடுத்த வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். இன்று ஆட்டம் வராத பையன் நாளை என்ன ஆவான் என்பதும் நமக்குத் தெரியாது. லா சால் பள்ளியில் படித்த பால் அரிசின் பள்ளி அணியிலேயே இடம் பெறாதவர். பிறகு 1956இல் என்பிஏ கோப்பையை வென்ற பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் தூணாக நின்றார். அதே அணியில் அதே பள்ளியின் டாம் கோலாவும் ஆடினார்.

பெண்கள் ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். கார்டினல் ஓஹாரா பள்ளி மாணவி தெரசா கிரென்ட்ஸ், 1972 முதல் 1974 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களை வென்ற இமாகுலாட்டா கல்லூரி அணியின் நட்சத்திரம். சமீப ஆண்டுகளில் பெண்கள் இறுதியாட்டமும் ஆண்கள் இறுதியாட்டமும் ஒரே மாலையில் பலெஸ்ட்ராவில் நடக்கின்றன. முதல் ஆட்டம் பாதி முடிந்த பிறகு வந்து சேர்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பலெஸ்ட்ரா 1927 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்தில், 33ஆவது தெருவில் இருக்கிறது. டிராலியில் (டிராம் வண்டி) 33ஆவது தெரு நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் போதும். உள்ளே பார்வையை மறைக்கும் தூண்கள் கிடையாது. ஏறத்தாழ 8,700 பேர் உட்காரலாம். இருக்கைகள் ஆடுகளத்தின் விளிம்பு வரை வருவதால் சத்தம் எங்கும் தப்பிப் போகாது. சின்னக் குழந்தைகளை அழைத்துச் சென்றால் காதுக்கு ஏதாவது எடுத்துச் செல்லுங்கள்.

போகும் முன் இறுதியாட்டத்தில் மோதும் இரண்டு பள்ளிகளின் வரலாற்றையும் கொஞ்சம் படியுங்கள். 2025இல் ஃபாதர் ஜட்ஜ் பள்ளி வென்றபோது வடகிழக்கு பிலடெல்பியாவின் நடுவயதுக்காரர்கள் ஏன் அழுதார்கள் என்பது, அதற்கு முன் அந்தப் பள்ளி வென்றது 1998இல் என்று தெரிந்தவர்களுக்குத்தான் புரிந்தது. அழ ஓர் அணிகூட இல்லாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். பின்னாளில் என்பிஏ வரை போன கைல் லவ்ரி ஆடிய கார்டினல் டோகர்ட்டி பள்ளி 2010இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே படித்தவர்கள் இன்னும் இறுதியாட்டத்துக்கு வருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சுக் கொடுங்கள், நிறையச் சொல்வார்கள்.

லீக் பட்டத்தோடு பருவம் முடிவதில்லை. 2008ஆம் ஆண்டுக்குப் பின் இந்தப் பள்ளிகள் மாநிலப் போட்டியிலும் ஆடுகின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்து அங்கே ஆறு பிரிவுகள். பெரிய பள்ளிகள் 6ஏ பிரிவில் வரும். பிப்ரவரியில் தோற்ற அணி மார்ச்சில் அதே எதிரியை மறுபடி சந்திக்கலாம். அந்த அட்டவணை வரும் வரை ஒரு வார இறுதியைக் காலியாக வைத்திருங்கள்.