எருவோடு உயிர்க்கரி கலப்பது எப்படி? சத்து தண்ணீரில் ஓடாமல் இருக்க ஒரு செய்முறை

தொழுவுரமும் கோழி எருவும் மண்ணுக்கு நல்லவைதான். ஆனால் பயிர் எடுத்தது போக மிஞ்சுகிற தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மழையோடு குளத்துக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரும். குளத்தில் பாசி மண்டி, அது அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். கிணற்றில் கலப்பது பெரும்பாலும் நைட்ரேட், அதாவது தழைச்சத்து மாறி உண்டாகும் உப்பு. குடிநீரில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் உயிர்க்கரியின் (பயோசார், அதாவது மரம் போன்றவற்றைக் காற்று அதிகம் புகாமல் சுட்டு எடுக்கும் கரி) வேலை என்ன? எருவில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி முதலில் அம்மோனியமாகும். அப்புறம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியத்துக்கு நேர் மின்னூட்டம், கரியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம். அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர் மின்னூட்டம்தான், பெரும்பாலும் நழுவிவிடும். ஆகவே கரியை வயலில் தனியே தூவிக் காத்திருப்பதைவிட, எரு புதிதாக இருக்கும்போதே கலப்பதுதான் பலன் தரும்.

படி 1: கரியைத் தேர்ந்தெடுங்கள்

காற்று அதிகம் புகாமல், சுமார் 350 முதல் 700 டிகிரி செல்சியஸில் சுட்ட கரி வேண்டும். அடுப்புச் சாம்பல் ஆகாது. பெயின்ட் பூசிய மரத்தில் செய்த கரியும் வேண்டாம். ஒரு துண்டை ஈரமாக்கிக் கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கறை போனால் நல்லது. பிசுபிசுத்து, சோப்பு போட்டால்தான் போகும் என்றால் தார் மிச்சமிருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: நனைத்து உடையுங்கள்

சில மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்தால் போதும். மாவாகப் பொடித்தால் காற்றிலும் மழைநீரிலும் போய்விடும். முதலில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கரித்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

படி 3: எருவோடு கலக்குங்கள்

கன அளவில் பத்துப் பங்கு எருவுக்கு ஒரு பங்கு கரி என்று தொடங்கலாம். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலோடு கரியைப் பரப்பிவிடுவது இன்னும் நல்ல வழி. கோமியம் விழுந்த இடத்திலேயே கரி அதை உறிஞ்சும், தனியாகக் கலக்கும் வேலையும் மிச்சம். குவியல் பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக இருக்கட்டும். மழை படாமல் மூடி, அவ்வப்போது புரட்டி, சில வாரங்கள் விடுங்கள்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் கவனியுங்கள். பல உயிர்க்கரிகள் காரத்தன்மை கொண்டவை. காரம் கூடினால் அம்மோனியம் வாயுவாகிப் பறந்துவிடும். வைக்கோல், காய்ந்த இலை போன்றவற்றைக் கூடுதலாகச் சேருங்கள்.

படி 4: வயலில் இடுங்கள்

கனமழைக்கு முன் இடாதீர்கள். மேலே தூவி விட்டுவிடாமல் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குள் கொத்திக் கலந்துவிடுங்கள், ஏனென்றால் கரி லேசானது, தண்ணீரில் மிதந்து போகும். வாய்க்கால், குளக்கரை ஓரமாக எரு படாத புல்வரிசை ஒன்றை விட்டுவையுங்கள்.

படி 5: எருவின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்

மணிச்சத்தைச் சாதாரண மரக்கரி அவ்வளவாகப் பிடிக்காது. தழைச்சத்துத் தேவையை மட்டும் பார்த்து எரு போட்டால் மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். கோழி எருவில் இது இன்னும் அதிகம். மண் பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் எருவையே குறைக்க வேண்டும். காரத்தன்மை கூடிய களர் நிலமாக இருந்தால் கரியையும் கொஞ்சமாக, ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.