அடிபம்பில் தண்ணீர் தாமதமாக வந்ததன் காரணம்

கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமம் ஒன்றில் தன்னார்வலர்களாக நாங்கள் பராமரிக்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பில், காலையில் பல தடவை அடித்த பிறகே தண்ணீர் வந்தது. வரத் தொடங்கிவிட்டால் அளவு குறையவில்லை. கிணற்றுக்குள் குழாயின் கீழ்முனையில் இருக்கும் சிலிண்டரின் வாஷர்களை மாற்றியும், குழாயில் ஏறிய நீர் கீழிறங்காமல் தடுக்கும் அடி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை; குழாய்களை இழுத்து இறக்குவதிலேயே நாட்கள் கழிந்தன.

ஒரு மணி நேரம் விட்டு அடித்தாலும், இரவு முழுவதும் விட்டு அடித்தாலும், ஏறத்தாழ 18-வது முறை அடிக்கும்போதுதான் தண்ணீர் வருகிறது என்பது பிறகே கண்ணில் பட்டது. அடி வால்வு கசிந்தால் குழாயிலுள்ள நீர், நேரம் ஆக ஆக, வெகு ஆழத்திலிருக்கும் நீர்மட்டம் வரை இறங்கியிருக்க வேண்டும். இடையில் நின்றுவிடுகிறதென்றால் கசிவு அந்த உயரத்தில்தான் இருக்க முடியும். இந்தப் பம்பு 40 முறை அடித்தால் சுமார் 12 லிட்டர் தரும், அதாவது 18 முறைக்குச் சுமார் 5.4 லிட்டர்; 32 மி.மீ. குழாயோ, உள்ளிருக்கும் கம்பியின் இடம் போக, மீட்டருக்குச் சுமார் 0.9 லிட்டர் கொள்ளும். கணக்கு மேலிருந்து 6 மீட்டர் என்றது. ஒவ்வொரு குழாயும் 3 மீட்டர் என்பதால், அது மேலிருந்து இரண்டாவது குழாயும் மூன்றாவது குழாயும் சேரும் இடம்.

அங்கே இரு குழாய்களையும் இணைக்கும் சாக்கெட்டின் மரை துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. புது சாக்கெட் போட்டு, சணல் சுற்றி இறுக்கினோம். இப்போது காலையிலும் இரண்டாம் அடிக்குள் தண்ணீர் வருகிறது.